கைராசி டாக்டரின் சின்ன வெள்ளை மாத்திரை

மூட்டுவலி, அரிப்பு, இரைப்பு என்று பக்கத்து கிளினிக்கில் மாதக்கணக்கில் கவர் மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எங்கள் ஏரியாவில் ஒரு டாக்டர் இருக்கிறார். பேர் வேண்டாம். கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். சாயங்காலமானால் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. அம்மாவுக்கு முழங்கால் வலி. இடுப்பில் ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை, எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய். மறுநாளே அம்மா மாடிப்படி ஏறினார். மாத்திரை தீர்ந்தால் வலி திரும்பும், மறுபடி அதே கவர். மருந்துச் சீட்டு என்ற பேச்சே கிடையாது. கம்பவுண்டர் அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக நறுக்கி, பேர் அச்சிட்ட ஓரத்தைக் குப்பையில் தள்ளிவிட்டுத்தான் கவரில் போடுவார். என்ன மாத்திரை என்று கேட்டால், "வலிக்கு ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணு, சத்துக்கு ஒண்ணு."

சில மாதத்தில் அம்மாவின் முகம் உப்பியது. பார்த்தவர்கள் உடம்பு தேறிவிட்டதாகச் சொன்னார்கள். லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போனது. சர்க்கரையே இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் 190. அரசு மருத்துவமனை டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததுமே, "என்னம்மா மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். பதிலுக்கு நீட்ட எங்களிடம் கவர்தான் இருந்தது. நல்லவேளை, ஒரு துண்டில் பாதி எழுத்து தப்பியிருந்தது. டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு.

அப்புறம் தெருவில் விசாரித்தேன். எதிர்வீட்டு அக்காவுக்குத் தோல் அரிப்பு, மளிகைக் கடைக்காரர் பையனுக்குச் சளி. இரண்டு கவரிலும் அதே சின்ன வெள்ளை மாத்திரை. கைராசி எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. கடும் ஆஸ்துமாவில் உயிரைக் காப்பது அதுதான். கொரோனாவில் ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போனவர்கள் பலரைப் பிழைக்க வைத்ததும் இதே டெக்ஸாமெத்தசோன். ஆனால் தேய்ந்த மூட்டை அது சரிசெய்யாது. வீக்கத்தையும் வலியையும் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் போனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலமிழக்கும், நோய்த்தொற்று சுலபமாகப் பிடிக்கும்.

முக்கியமான விஷயம்: இதைப் படித்த கையோடு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மாவுக்கு வாரக்கணக்கில் அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.

அந்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். "வலி போச்சா இல்லையா? அப்புறம் என்ன?" என்றார்.

டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயர்) படிக்கும்படி எழுதித்தர வேண்டும் என்று 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியாகிவிட்டது. அதனால் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கவரையும் மாத்திரையையும் தூக்கிப் போடாமல் வேறு டாக்டரிடம் காட்டுங்கள்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதி, அந்தத் துண்டின் போட்டோவையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். எதிர்வீட்டு அக்காவை வெள்ளிக்கிழமை அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன்.