தேயிலைக் கொசுவின் பழைய பதிவுகள்: ஜிபிஐஎஃப், கியூஜிஐஎஸ் என் அனுபவத்தில்

நம்ம பக்கம் முந்திரிக் கொழுந்தோ வேப்பங்கொழுந்தோ கருகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தேயிலைக் கொசுவை. பெயரில்தான் கொசு, ஆள் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. முதுகில் குண்டூசி நட்டதுபோல ஒரு முள் நிற்கும், கையில் லென்ஸ் இருந்தால் தெரிந்துவிடும். ஹெலோபெல்டிஸ் ஆன்டோனி என்ற அறிவியல் பெயர் 1858-இல் வைத்தது.

இதன் அருங்காட்சியகப் பதிவுகளைத் தேட, உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டி வைக்கும் ஜிபிஐஎஃப் (GBIF) தளத்தையும், வரைபடம் போட கியூஜிஐஎஸ் (QGIS) என்ற மென்பொருளையும் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். இரண்டும் இலவசம். ஜிபிஐஎஃப்பில் கணக்கு தொடங்கிக் கேட்டால் பதிவுகள் அடங்கிய கோப்பு தயாரானதும் மின்னஞ்சலில் சுட்டி வரும். கமாவால் பிரித்த கோப்பு என்ற பொருளில் சிஎஸ்வி என்று பெயர் இருந்தாலும் உள்ளே கமா இல்லை, டேப். அதைக் கியூஜிஐஎஸ்ஸிடம் சொல்லிவிட்டால் சரி.

உண்மையான வேலை சீட்டில்தான் இருக்கிறது. பூச்சி சின்னது என்பதால் முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி, அட்டையை ஊசியில் கோத்து, அடியில் ஊர், தேதி எழுதிய சீட்டைக் குத்தியிருப்பார்கள். பழைய சீட்டில் ‘டின்னவேலி’ (திருநெல்வேலி மாவட்டத்தின் அந்தக்கால ஆங்கிலப் பெயர்) என்று மட்டும் இருந்தால் எந்த டின்னவேலி? 1910-க்கு முன் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அதில் அடக்கம். தூத்துக்குடி 1986 வரை, தென்காசி 2019 வரை உள்ளேதான். செங்கோட்டை தலைகீழ்: 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். அதனால் ‘திருவிதாங்கூர்’ என்ற சீட்டைப் பார்த்துக் கேரளாவுக்குள் புள்ளி வைத்துவிடுகிறார்கள். நான் முதலில் ஆண்டைப் பார்ப்பேன், அப்புறம்தான் ஊர்.

வரைபடப் புள்ளி எத்தனை மீட்டர் தவறியிருக்கலாம் என்று சொல்ல ஜிபிஐஎஃப் கோப்பில் ஒரு நெடுவரிசை உண்டு. பல பதிவுகளில் அது காலி. மாவட்டப் பெயர் மட்டும் உள்ளவற்றுக்குப் பழைய மாவட்டத்தையே மூடுகிற வட்டம் போடுகிறேன். மலைமேல் மாஞ்சோலைத் தேயிலையும் கடலோரப் பக்கம் குதிரைமொழிச் செம்மணல் தேரியும் ஒரே வட்டத்தில் விழும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் பொய் சொல்லாது.

கியூஜிஐஎஸ்ஸில் எனக்குள்ள ஒரே எரிச்சல் யூடிஎம் மண்டலம், அதாவது தூரத்தை மீட்டரில் அளக்க உலகை 6 பாகைப் பட்டைகளாகப் பிரித்த எண். 78 பாகைத் தீர்க்கக் கோடு திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஓடுவதால் இது 43, அது 44. நான் எல்லாவற்றுக்கும் 43-ஐயே வைத்துக்கொள்கிறேன். இவ்வளவு பெரிய வட்டத்துக்கு அந்தப் பிசகு உறைக்காது.

பதிவில் தவறு கண்டால் எழுதிச் சொல்ல ஜிபிஐஎஃப்பிலேயே வழி இருக்கிறது. செங்கோட்டைப் பதிவு ஒன்றுக்கு எழுதினேன். வைத்திருக்கும் அருங்காட்சியகத்தார் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார்கள், புள்ளியைத்தான் இன்னும் நகர்த்தவில்லை.