பழைய நெகட்டிவ் கட்டுக்கு எது பொருத்தம்: ஃபிளாட்பெட் ஸ்கேனரா, கேமராவா, தனி ஃபிலிம் ஸ்கேனரா?

ஃபிலிம் ஸ்கேன் செய்ய எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நெகட்டிவை எடுத்து ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள் என்பேன். பாதி பதில் அந்த அளவிலேயே வந்துவிடும்.

தமிழ்நாட்டு வீட்டு அலமாரிகளில் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும். பழைய கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படங்களும், ஆக்ஃபா கிளிக் III போன்ற டப்பா கேமராவில் எடுத்தவையும் 120 ரோல். ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 56 மி.மீ. சதுரம், ரோலுக்குப் 12 படம். கலர் லேப்கள் பரவிய பிறகு எடுத்தவை 35 மி.மீ. ஃபிலிம், அதாவது 36-க்கு 24 மி.மீ. ஃபிரேம். லேப்காரர் துண்டு துண்டாக வெட்டி உறையில் போட்டுக் கொடுத்திருப்பார். மூன்றாவது, அட்டைச் சட்டத்தில் மாட்டிய ஸ்லைடு; நெகட்டிவ் போலன்றி இதில் படம் நேரான நிறத்திலேயே தெரியும். அது எல்லா வீட்டிலும் இருக்காது. வெளிநாட்டில் இருந்து வந்தவர், பேராசிரியர், மருத்துவர் வீடுகளில் தேடலாம்.

இந்த மூன்றுக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைப்பவரை நான் நம்புவதில்லை.

ஃபிளாட்பெட்: பெட்டியில் 6400, கையில் 1600

கண்ணாடிமேல் தாளை வைத்து மூடும் ஸ்கேனர்தான் ஃபிளாட்பெட். சாதாரண ஃபிளாட்பெட்டின் கண்ணாடியில் நெகட்டிவை வைத்து மூடினால் கறுப்புப் பட்டைதான் வரும். ஃபிலிமுக்கு ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வர வேண்டும். அதற்கு மூடியிலும் ஒரு விளக்கு வேண்டும். பிரிண்டரோடு ஒட்டி வரும் ஸ்கேனரில் அது இருக்காது. எப்சன் வி600, வி850, செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் வி700, கேனன் கேனோஸ்கேன் 9000எஃப் ஆகியவற்றில் உண்டு.

வி600 பெட்டியில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருக்கும். சென்சார் அத்தனை புள்ளிகளைப் படிக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த அளவு நுணுக்கத்தை லென்ஸ் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. நெருங்கிக்கொண்டே போகும் கோடுகள் கொண்ட சோதனைத் தகட்டை ஸ்கேன் செய்து, எந்த இடத்தில் கோடுகள் ஒன்றாகக் கலக்கின்றன என்று பார்த்தால், வி600-இன் உண்மையான திறன் 1500-1600 டிபிஐ அளவில்தான் நிற்கிறது. பல மடங்கு விலையுள்ள வி850 சுமார் 2300-ஐத் தொடும்.

இதை 35 மி.மீ. ஃபிரேமில் வைத்துக் கணக்குப் போடுங்கள். 1600 டிபிஐ-யில் அகலத்துக்குக் கிட்டத்தட்ட 2270 புள்ளி, உயரத்துக்கு 1510. மொத்தம் மூன்றரை மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் 5-க்கு 7 அங்குல பிரிண்டுக்கும் போதும். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் முகங்கள் மெழுகு பூசியது போல் ஆகிவிடும். வி850-இல் ஏழு மெகாபிக்சல் வரும். கொடுத்த கூடுதல் பணத்துக்கு அது எனக்கு நிறைவாக இல்லை.

அதே வி600-இல் 120 நெகட்டிவை வையுங்கள். 56 மி.மீ. சதுரம் 1600 டிபிஐ-யில் பன்னிரண்டு மெகாபிக்சலைத் தாண்டுகிறது. ஓர் அடிக்கு ஓர் அடி பிரிண்ட் போட்டாலும் புருவ முடி தெரியும். தாத்தா பாட்டி கல்யாணப் படத்தின் 120 நெகட்டிவ் கையில் இருந்தால் வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை. அந்த விலைக்கு ஃபிளாட்பெட்டை அடிக்க ஆளில்லை.

6400 என்று செட் செய்து ஸ்கேன் செய்வதால் லாபமும் கிடையாது. ஒரு 35 மி.மீ. ஃபிரேம் 48 பிட்டில் 330 எம்பி அளவுக்கு வீங்கும், அதில் பெரும்பகுதி வெறும் மங்கல். 3200-இல் ஸ்கேன் செய்து பிறகு பாதியாகச் சுருக்கினால் போதும்.

ஃபிளாட்பெட்டில் பலர் கவனிக்காதது, ஃபிலிமைப் பிடித்திருக்கும் சட்டமான ஹோல்டரின் உயரம். இந்த இயந்திரங்களில் ஃபோகஸ் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும். ஃபிலிம் அந்த உயரத்தில் இல்லாவிட்டால் மேலே சொன்ன 1600-உம் கிடைக்காது. வி850 ஹோல்டரில் உயரத்தை மாற்ற ஏற்பாடு உண்டு, வி600-இல் இல்லை. ஹோல்டருக்கு அடியில் ஒவ்வொரு தாளாக மடித்துக் கொடுத்து, ஒரே ஃபிரேமைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, படத்தை உருவாக்கும் நுண்துகள்கள் எப்போது தெளிவாகத் தெரிகின்றன என்று பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். நம்மூர் ஈரப்பதத்தில் கிடந்த ஃபிலிம் வளைந்திருக்கும். கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் வைத்து நிமிர்த்திய பிறகு ஹோல்டரில் ஏற்றுங்கள். அவசரப்பட்டு நேரே கண்ணாடியில் அழுத்தி வைத்தால் நியூட்டன் வளையங்கள் எனப்படும் வளைய வளையமான கறைகள் வரும். எந்த மென்பொருளாலும் அவற்றை ஒழுங்காக அழிக்க முடியாது.

தூசி விவகாரம்

ஃபிளாட்பெட்டின் பெரிய பலம் டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி. ஃபிலிமை ஒருமுறை கூடுதலாக அகச்சிவப்பு ஒளியில் ஸ்கேன் செய்யும். கலர் ஃபிலிமின் சாயங்கள் வழியே அகச்சிவப்பு தடையின்றிப் போய்விடும். தூசியும் கீறலும் மறைக்கும். அந்த நிழலை வைத்து எங்கே அழுக்கு என்று கண்டுபிடித்து இயந்திரமே நிரப்பிவிடும். நேரம் சில மடங்கு கூடும் என்றாலும், முப்பது வருடம் பிளாஸ்டிக் உறையில் கிடந்த கலர் ரோலுக்கு இது பெரும் வரம்.

கறுப்பு வெள்ளையில் இந்த வரம் பலிக்காது. அங்கே உருவமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் தயாரான 'இந்து' ஃபிலிமில் ஐஸை இயக்கினால், இயந்திரம் முகத்தையே அழுக்கு என்று எடுத்துக்கொண்டு அங்கங்கே பூசி மெழுகிவிடும். ஆகவே 120 கறுப்பு வெள்ளைக்கு ஐஸை அணைத்துவிட்டு, ரப்பர் ப்ளோயரால் ஊதிவிட்டு, மிச்சத்தைக் கணினியில் கையால் திருத்த வேண்டும். கலர் ஃபிலிம் கழுவும் முறையிலேயே கழுவி, வெள்ளிக்குப் பதில் சாயத்தால் உருவம் தரும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற சில கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் மட்டும் விதிவிலக்கு. நம் வீட்டுக் கட்டுகளில் அது அபூர்வம்.

கேமராவால் படமெடுப்பது

35 மி.மீ. கலெக்ஷன் பெரிதாக இருந்து, வீட்டில் ஏற்கெனவே டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ இருந்தால், என் ஓட்டு இதற்குத்தான். 24 மெகாபிக்சல் கேமராவில் ஃபிரேமை முழுதாக நிரப்பினால் 36 மி.மீ.க்கு 6000 புள்ளி. 4200 டிபிஐ-க்குச் சமம். லென்ஸால் கொஞ்சம் இழந்தாலும் வி600-ஐப் போல் இரு மடங்குக்கு மேல் நுணுக்கம். ஒரு ரோலை முடிக்கும் நேரம் ஃபிளாட்பெட்டில் ஆகும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான்.

தேவையானவை: மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ், ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஹோல்டர், நல்ல வெள்ளை ஒளி, அசையாத ஸ்டாண்ட். மூடிப்போன ஸ்டுடியோக்களில் எடைக்குப் போடும் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கி பிரிண்ட் போடும் கருவி) கிடைத்தால் விடாதீர்கள். தலையைக் கழற்றிவிட்டுக் கேமராவை மாட்டினால் முதல்தரமான காப்பி ஸ்டாண்ட். அதன் லென்ஸையும் எக்ஸ்டென்ஷன் டியூபில் (லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்கும் குழாய்) பொருத்திப் பயன்படுத்தலாம். கேமராவும் ஃபிலிமும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க, ஃபிலிம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் ஃபிரேமின் நட்டநடுவில் தெரிந்தால் சரி.

ஒளிக்குப் படம் வரையும் மலிவான எல்இடி பலகையை வாங்காதீர்கள். கறுப்பு வெள்ளைக்குப் பரவாயில்லை. கலர் நெகட்டிவில் நிறம் எங்கோ போய்விடும். சிஆர்ஐ (ஒளி நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) 95-க்கு மேல் என்று குறிப்பிட்டிருக்கும் பலகையாகப் பாருங்கள். ஃபிலிமைப் பலகையிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் பலகையின் தூசி படத்தில் விழாது.

கேமரா வழியில் வலி எடுக்கும் இடம் கலர் நெகட்டிவ். ஆரஞ்சு நிற அடித்தளத்தோடு இருக்கும் படத்தைச் சும்மா தலைகீழாக மாற்றினால் எல்லோரும் நீலம் பூத்து நிற்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கும் நெகட்டிவ் லேப் ப்ரோ இருக்கிறது; இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிள் என்ற மென்பொருளில் நெகாடாக்டர். இரண்டிலும் கை பழகும் வரை பொறுமை வேண்டும். ஃபிளாட்பெட்டின் சொந்த மென்பொருள் இதைத் தானே செய்து கொடுத்துவிடும், பல நேரம் சுமாராக, ஆனால் சண்டையில்லாமல். ஐஸ் வசதியும் கேமராவில் கிடையாது.

120 நெகட்டிவில் கேமராவின் முன்னிலையும் கரைந்துபோகிறது. சதுர ஃபிரேமுக்கு 24 மெகாபிக்சலில் 4000-க்கு 4000 மட்டுமே பயன்படும்; அது 1800 டிபிஐ சொச்சம். ஃபிளாட்பெட்டை விட ஓரடி முன்னால், அவ்வளவுதான்.

தனி ஃபிலிம் ஸ்கேனர்

பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100, 8200ஐ போன்றவை 35 மி.மீ.க்கு மட்டுமே. பெட்டியில் 7200 என்றாலும் மெய்யாகக் கிடைப்பது 3200-ஐ ஒட்டி. அதுவே வி600-இன் இரு மடங்கு. 8200ஐ-யில் அகச்சிவப்பு உண்டு, 8100-இல் இல்லை. கலர் கட்டு வைத்திருப்பவர் விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் 8200ஐ-யை எடுக்கலாம். ஒவ்வொரு ஃபிரேமையும் கையால் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் குறை. ஐம்பது படம் என்றால் சுகம், இரண்டாயிரம் என்றால் தண்டனை.

நிக்கான் கூல்ஸ்கேன் இவற்றையெல்லாம் விட மேல். ஆனால் உற்பத்தி நின்று பல காலம் ஆயிற்று. அதன் சொந்த மென்பொருள் புதிய கணினியில் ஓடாது. வியூஸ்கேன் போன்ற வேறு ஸ்கேன் மென்பொருளை வாங்கித்தான் ஓட்ட வேண்டும். பழுதானால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

ஸ்லைடு வைத்திருப்பவர்கள் இந்த வகையையோ கேமராவையோதான் பார்க்க வேண்டும். ஸ்லைடின் இருண்ட பகுதிகள் நெகட்டிவை விட மிக அடர்த்தியானவை. ஃபிளாட்பெட் அங்கே புள்ளிப் புள்ளியாக இரைச்சலைத்தான் கொண்டுவரும். சட்டத்துக்குள் ஃபிலிம் உப்பியும் இருக்கும், நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல். ஃபிளாட்பெட்டின் மிக மோசமான முகம் ஸ்லைடில்தான் தெரியும்.

சின்னத் திரையோடு வரும் மலிவான டப்பா ஸ்கேனர்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது சிறு சென்சார் கேமரா, தருவது ஜேபெக் மட்டும், வெள்ளைப் புடவை வெறும் வெள்ளையாகிவிடும். செல்ஃபோனால் எடுப்பது எந்தப் படத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்க உதவும்.

எதை முதலில் எடுப்பது

கறுப்பு வெள்ளை வெள்ளி உருவம் ஒழுங்காகக் கழுவியிருந்தால் நீண்ட காலம் தாங்கும். கலர் சாயம் மங்கிக்கொண்டே போகும். ஆகவே கலர் ரோல்களை முன்னால் வையுங்கள். பூஞ்சை பிடித்த ஃபிலிமைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும், படம் கையோடு வந்துவிடும். ஃபிலிம் கிளீனரைப் பஞ்சில் தொட்டு, ஓரத்தில் சோதித்துவிட்டு மெல்லத் துடைக்கலாம். உறையைப் பிரித்ததும் வினிகர் வாடை அடித்தால் மேலே சொன்ன வரிசையெல்லாம் ரத்து. அந்த ஃபிலிமின் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிடமிருந்து பிரித்து, கையில் எந்தக் கருவி இருக்கிறதோ அதிலேயே அந்த வாரமே ஸ்கேன் செய்துவிடுங்கள். சுருங்கிச் சுருண்ட பிறகு அது எந்த ஹோல்டரிலும் உட்காராது.