மரியோவின் மீசையா, மரியோவின் தாவலா?

வீடியோ கேமில் நம்மை இழுப்பது பாத்திரமா, ஆடும் விதமான கேம்ப்ளேயா? 1987இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டோக்கி டோக்கி பானிக்’ கேமில் மரியோ கிடையாது. ஃபுஜி தொலைக்காட்சி நடத்திய ஒரு விழாவின் சின்னங்களான இமாஜின் குடும்பத்தார் நால்வர்தான் நாயகர்கள். தரையில் முளைத்திருக்கும் காய்கறியைப் பிடுங்கி எதிரி மேல் எறிவதுதான் ஆட்டம். மறு ஆண்டே அதே கேம், ஓடுவதற்கு ஒரு பட்டனும் சில மெருகுகளும் சேர்ந்து, ‘சூப்பர் மரியோ ப்ரோஸ் 2’ என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அந்த நால்வரின் இடத்தில் மரியோ, லூய்ஜி, பீச், டோட். விற்றது 70 லட்சத்துக்கும் மேல்.

‘பாத்திரம்தான் விற்கிறது’ என்பவர்கள் முதலில் கொண்டுவந்து நிறுத்தும் சாட்சி இது. குறுக்கு விசாரணை செய்தால் சாட்சி கொஞ்சம் தடுமாறும். பீச் காற்றில் மிதக்கிறாளே, அது இந்தக் கேமில்தான் தொடங்கியது. இமாஜின் குடும்பத்து லினாவின் அசைவு அது. அதுவரை யாராவது வந்து மீட்கட்டும் என்று காத்திருந்த இளவரசிக்குத் தனக்கென ஒரு தன்மை கிடைத்ததே அந்த மிதப்பில்தான். 2013இல் வந்த ‘சூப்பர் மரியோ 3டி வேர்ல்ட்’ வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். விற்றது மரியோவின் முகம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த முகங்களில் ஒன்றுக்கு உயிர் கொடுத்தது ஆட்டம்.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். கேம் பாத்திரமும் பாதிக்கு மேல் கைப்பழக்கம்தான். எவ்வளவு நேரம் அழுத்தினால் எவ்வளவு உயரம் தாவும், திரும்பும்போது எவ்வளவு சறுக்கும், அடி விழும்போது எத்தனை ஃப்ரேம் (திரையில் ஓடும் தனித்தனிப் படம்) உறையும் என்பதெல்லாம் விரல் நினைவில் வைத்திருக்கும் கணக்குகள். பாத்திரமா கேம்ப்ளேயா என்று தராசில் வைக்கும்போது இந்தக் கைப்பழக்கத்தை எந்தத் தட்டில் போடுவது என்பதில்தான் சண்டையே வருகிறது.

கரடி அதே கரடி, ஆட்டம் வேறு

இதை நேருக்கு நேர் பார்க்க ஓர் அருமையான ஜோடி இருக்கிறது. 1998இலும் 2000இலும் வந்த இரண்டு ‘பான்ஜோ’ கேம்களும் ஓடி, தாவி, பறந்து பொருள் சேகரிக்கும் முப்பரிமாண ஆட்டங்கள். செங்குத்துச் சரிவு வந்தால் முதுகுப் பையிலிருக்கும் கஸூயி பறவை காலை வெளியே நீட்டி, பான்ஜோ கரடியைச் சுமந்துகொண்டு ஏறும். 2008இல் வந்த ‘பான்ஜோ-கஸூயி: நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்’ அதே கரடி, அதே பறவை, அதே கிண்டலோடு வந்தது. ஆனால் கிட்டத்தட்ட எல்லாப் பணியையும் நாமே பூட்டிச் செய்யும் வண்டிகளில் முடிக்க வேண்டும். பழைய தாவல் வித்தைகள் பெரும்பாலும் போயின. ரசிகர்கள் கொதித்தார்கள்.

தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த வண்டி கட்டும் கருவி மோசமே இல்லை. எடை எங்கே கூடுகிறது, சக்கரம் எத்தனை, எந்திரம் எங்கே என்பதெல்லாம் ஓட்டும்போது உண்மையிலேயே தெரியும். 2023இல் ‘செல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ இதே வகையில் பொருள்களை ஒட்ட வைத்து வண்டி கட்டச் சொன்னபோது உலகமே கை தட்டியது. அங்கே நாயகன் லிங்க்கின் வாள்வீச்சும் மலையேற்றமும் அப்படியே இருந்தன, வண்டி கூடுதலாக வந்தது. பான்ஜோவில் வண்டி வந்து கால்களைப் பிடுங்கிக்கொண்டது.

எதிர்ப்பக்கத்தில் 2017இன் ‘யூகா-லேலீ’. பழைய பான்ஜோ குழுவினர் சிலர் பிளேடோனிக் என்ற ஸ்டூடியோ தொடங்கி, மக்களிடம் பணம் திரட்டிச் செய்தது. ஆட்டம் 1998இன் அதே ஆட்டம். பாத்திரங்கள்தான் புதியவை, ஒரு பச்சோந்தியும் ஒரு வௌவாலும். ஐந்து உலகம், உலகத்துக்கு 25 புத்தகப் பக்கங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். வரவேற்பு பாதிக்குப் பாதி. முரண்டு பிடிக்கும் கேமராவும், இடையில் வெறிச்சென்று கிடக்கும் பரப்புகளும் குறையாகப் பேசப்பட்டன. பழைய ஆட்டத்தை நகலெடுக்கும்போது அதன் வயதும் கூடவே வந்துவிடுகிறது.

இதோடு கதை முடிந்திருந்தால் ஒன்றுக்கு ஒன்று சமம் என்று விட்டுவிடலாம். ஆனால் 2019இல் அதே பச்சோந்தியையும் வௌவாலையும் வைத்து ‘இம்பாசிபிள் லேர்’ வந்தது. பக்கவாட்டில் ஓடும் இருபரிமாண ஆட்டம், முந்தையதற்குச் சம்பந்தமே இல்லை. விமர்சகர்கள் முதல் கேமைவிட இதைத்தான் விரும்பினார்கள், ஆட்டத்தை மாற்றியதற்காகப் பெரிய கூச்சலும் எழவில்லை. யூகாவோடு யாருக்கும் இருபது வருடக் கைப்பழக்கம் இல்லை. அதனால் மாற்ற முடிந்தது.

முகம் சரி, விரல் ஒப்புக்கொள்ளவில்லை

2017இல் வந்த ‘க்ராஷ் பாண்டிகூட் என். சேன் ட்ரிலஜி’ பழைய மூன்று கேம்களையும் புதிய படத்தரத்தில் மறுபடி செய்தது. பாத்திரமும் மட்டங்களும் (லெவல்களும்) பழையவைதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே கைவாகு, அதுவும் மூன்றாவது கேமின் கைவாகை அடிப்படையாகக் கொண்டது. பட்டனை விட்டதும் க்ராஷ் முன்பைவிட வேகமாகக் கீழே இறங்கினான். அவன் எதிலும் மோதுகிறானா என்று கேம் கணக்கிடும் வடிவம் மாத்திரை போல உருண்டிருந்ததால் விளிம்பில் கால் வைத்தால் வழுக்கியது என்றும் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். முதல் கேமில் பாலத்தின் மேல் நடக்கும் லெவலான ‘த ஹை ரோட்’ போன்ற இடங்கள் பழைய ஆட்டக்காரர்களுக்கே திண்டாட்டமாகிவிட்டன. முதல்முறை ஆடியவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தொகுப்பு 1 கோடிக்கு மேல் விற்றது.

‘டிஎம்சி: டெவில் மே க்ரை’ இன்னும் சுவையான வழக்கு. 2013இல் நின்ஜா தியரி ஸ்டூடியோ நாயகன் டான்டேயின் வெள்ளை முடியைக் கறுப்பாக்கியது. இணையம் முழுக்க முடிச்சண்டை. அந்த இரைச்சலில் உண்மையான புகார்கள் அமுங்கிப்போயின. முந்தைய கேம்கள் கன்சோலில் நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடியவை, இது 30. அதாவது ஒரு ஃப்ரேமின் நீளம் 16.7 மில்லிநொடியிலிருந்து 33.3க்குப் போயிற்று. ஒரே எதிரி மேல் குறி வைத்து நிற்கும் லாக்-ஆன் பட்டன் இல்லை. சிவப்பு எதிரியைச் சிவப்பு ஆயுதத்தால்தான் அடிக்கலாம், நீலத்தை நீலத்தால்தான். ஆயுதம் மாற்றி மாற்றித் தொடர் அடியாகக் காம்போ கட்டுவதே உயிரான ஒரு வரிசையில் இது கையைக் கட்டிப்போட்ட மாதிரி. 2015இன் ‘டெஃபினிடிவ் எடிஷன்’ 60 ஃப்ரேமையும் லாக்-ஆனையும் கொண்டுவந்து, நிறக் கட்டுப்பாட்டையும் தளர்த்தியது. பழைய ஆட்டக்காரர்கள் பலர் அதன் பிறகு அந்தக் கேமை ஏற்றுக்கொண்டார்கள். முகம் அதேதான்.

ஒரே பாத்திரம், ஒரே ஆண்டு என்றும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017 ஆகஸ்டில் ‘சோனிக் மேனியா’, நவம்பரில் ‘சோனிக் ஃபோர்சஸ்’. முன்னது ரசிகர் கேம்கள் செய்து கை தேர்ந்தவர்கள் செய்தது. காற்றில் தாவல் பட்டனை மறுபடி அழுத்திப் பிடித்திருந்தால் தரை தொட்டதும் சீறிப் பாயும் ‘டிராப் டேஷ்’ ஒன்றை மட்டும் பழைய ஆட்டத்தில் அளவாகச் சேர்த்தார்கள். பின்னதில் தொடங்குவதற்குள் முடிந்துவிடும் மட்டங்கள். விமர்சகர்கள் மேனியாவைக் கொண்டாடினார்கள், ஃபோர்சஸைக் கைவிட்டார்கள். நீல முள்ளெலியான சோனிக் மேல் யாருக்கும் வெறுப்பு வந்துவிடவில்லை.

பாத்திரம் வெறும் செயல்பாடா?

இதுவரை ஆட்டத்தின் பக்கமே தராசு சாய்ந்து வந்தது. சண்டை கேம்களுக்குள் வந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

2017இல் ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட்’ மார்வெலின் எக்ஸ்-மென் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லாமல் வந்தது. ரசிகர்கள் கேட்டபோது கேம் தயாரித்தவர்கள் தரப்பிலிருந்து வந்த பதில் இன்றுவரை கேலிக்கு ஆளாகிறது: பாத்திரங்கள் வெறும் செயல்பாடுகள்தாம், எக்ஸ்-மென் பாத்திரமான மேக்னீட்டோவை விரும்புவது அவன் எட்டுத் திசையிலும் பாய்வதால், நோவாவும் கேப்டன் மார்வெலும் அதையே செய்கிறார்களே! தொழில்நுட்பமாக இதில் தவறில்லை. போட்டி ஆட்டக்காரர் ஒருவர் அணி அமைக்கும்போது ஏறத்தாழ அப்படித்தான் கணக்குப் போடுவார். கேமும் ஆட்டமாகச் சோடை போகவில்லை. இருவர் அணி, நினைத்த நேரத்தில் ஆள் மாற்றுவது, சக்தி தரும் இன்ஃபினிடி கற்கள் என்று ஆழம் இருந்தது. ஆனாலும் 2018இல் எவோ என்ற சண்டை கேம் போட்டியின் முதன்மைப் பட்டியலில்கூட அதற்கு இடம் கிடைக்கவில்லை. மேக்னீட்டோவோடு பல வருடம் பழகிய கைக்கு நோவாவின் எட்டுத் திசை வேறு ஓர் ஆளின் சட்டை. சில வெளியீட்டுக் கால முகங்களின் அவலட்சணமும் சேர்ந்து கேமைக் கவிழ்த்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கு முன்னோடி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’. 1997இல் ரியூ, கென் இருவரைத் தவிரப் பழைய கூட்டத்தை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். ஆட்டமோ அபாரம்: அடி விழும் கணத்தில் முன்பக்கம் தட்டினால் சேதமின்றித் தடுக்கும் ‘பேரி’ முறை இதில்தான் வந்தது. கூட்டம் சேரவில்லை. 1999இன் ‘தேர்ட் ஸ்ட்ரைக்’கில் சுன்-லீயைத் திரும்ப அழைத்தார்கள். 2004 எவோ போட்டியில் டைகோ உமேஹாரா, ஜஸ்டின் வாங் விட்ட சூப்பர் தாக்குதலின் ஒவ்வோர் அடியையும் பேரி செய்து வென்ற காட்சிதான் இந்த வகையிலேயே அதிகம் பார்க்கப்பட்டவற்றுள் ஒன்று. முறை புதிது, ஆடியவர்கள் கென்னும் சுன்-லீயும்.

புதிர் கேம்கள் நேர் எதிர். 1995இல் தேவதைகளோடு வந்த ‘பேனல் டி பான்’ 1996இல் மரியோ கேம்களின் டைனோசரான யோஷியை ஒட்டிக்கொண்டு ‘டெட்ரிஸ் அட்டாக்’ ஆகி, 2000இல் ‘போக்கிமான் பசில் லீக்’ ஆனது. பக்கத்துப் பக்கத்துக் கட்டம் இரண்டை இடம் மாற்று என்ற விதி அசையவே இல்லை. இங்கே பாத்திரம் என்பது சுவரொட்டி.

மார்வெல் ஒட்டியும் ஒட்டாமலும்

குழுவாகச் சுடும் கேம்களில் அண்மைய மூன்று முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ‘கான்கார்ட்’: 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது, 16 புதிய பாத்திரங்கள், விலை 40 டாலர். சுடும் உணர்வைப் பலர் நன்று என்றே எழுதினார்கள். பாத்திரங்கள் யாரையும் இழுக்கவில்லை. செப்டம்பர் 6இல் இழுத்து மூடினார்கள். ‘மார்வெல் ரைவல்ஸ்’: அதே ஆண்டு டிசம்பரில் 33 பாத்திரங்களோடு வந்தது, மூன்றே நாளில் 1 கோடிப் பேர். இதைக் காட்டிப் பாத்திரம் வென்றது என்று முடித்துவிடலாமா? ரைவல்ஸ் இலவசம் என்பதை மறந்தால்தான் முடியும். தவிர, 2020இன் ‘மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்’ உலகமே கொண்டாடும் அதே முகங்களை வைத்துக்கொண்டு தோற்றது. ஒரே மாதிரி ஆய்வுக்கூடங்கள், ஒரே மாதிரி ரோபோக்கள், அணிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கவசங்கள். 2023 செப்டம்பர் 30இல் விற்பனையையே நிறுத்தினார்கள்.

ரைவல்ஸ் செய்த கெட்டிக்காரத்தனம், உறவை விதியாக்கியது. 2024இல் வெளியானபோது ராக்கெட், மர மனிதனான க்ரூட்டின் தோளில் ஏறி உட்கார்ந்து சுட முடிந்தது. ஏறினால் வாங்கும் அடி குறைந்தது. ரசிகருக்கு அது பாசம், ஆட்டக்காரருக்குக் கணக்கு.

போக்கிமானை விட்டுவிட்டால் இந்த அலசல் நேர்மையாகாது. ‘ஸ்கார்லெட்’, ‘வயலட்’ இரண்டும் 2022இல் ஃப்ரேம் தடுமாறி, சுவருக்குள் கால் புகுந்து வந்தும் மூன்று நாளில் 1 கோடி விற்றன. பாத்திரத்தின் கட்சிக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆனாலும் பிடி, வளர், வகைக்கு வகை மோது என்ற 1996இன் சுழற்சியில் முதன்மை வரிசை கை வைத்ததே இல்லை. குறைகளைத் தாங்கிக்கொண்ட கேம் அது, அடிப்படை மாறியதல்ல.

வாங்கும் முன், செய்யும் முன்

கேம் செய்பவர்களுக்கு: பாத்திரத்தை எடுத்துவிட்டு ஒரு சாம்பல் உருளையை வையுங்கள். வெற்றுத் தரை, மூன்று மேடை, ஓர் எதிரி. பத்து நிமிடம் சலிக்காமல் ஓட்ட முடிகிறதா? முடியவில்லையென்றால் முதலில் விளிம்பைப் பாருங்கள். ‘செலஸ்ட்’ கேமில் மேடையைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் 0.1 நொடி, அதாவது 6 ஃப்ரேம், தாவ விடுகிறார்கள். இந்தச் சலுகை இல்லாவிட்டால் ‘பட்டனை அழுத்தினேனே’ என்ற புலம்பல் நிச்சயம். ‘ஸ்ப்ளாட்டூன்’ தொடக்கத்தில் மை பீய்ச்சும் வெறும் டோஃபுக் கட்டிகள்தாம். மைக்குள் ஒளிய வேண்டும் என்ற விதி உறுதியான பிறகே அதற்குப் பொருந்தும் கணவாய் வந்தது. நடுவில் மரியோவையே போட்டால் என்ன என்ற பேச்சும் எழுந்து அடங்கியது.

புகழ்பெற்ற வரிசையின் அடுத்த பாகமென்றால் முந்தைய கேமில் முக்கால்வாசி நேரம் எந்தப் பட்டன்களில் போனது என்று பட்டியல் போடுங்கள். அவற்றில் பாதி போய்விட்டால் பெயரை மாற்றுவது நல்லது.

வாங்குபவர்களுக்கு: ட்ரெய்லரில் உயிர் மீதியைக் காட்டும் கோடும் சுடக் குறிபார்க்கும் புள்ளியும் தெரியும் நொடிகளை மட்டும் எண்ணுங்கள், மற்றது சினிமா. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நேரத்தைக் கதைக்காட்சிகளில் கரைக்காமல் ஒரு முழுச் சண்டையையாவது இரண்டு முறை ஆடிப் பாருங்கள்.

டெமோவையும் ஓரளவுக்குத்தான் நம்பலாம். ‘மெட்டல் கியர் சாலிட் 2’ டெமோவில் நாயகன் ஸ்னேக் கப்பலுக்குள் பதுங்கினான். 2001இல் முழுக் கேமை வாங்கியவர்கள் கப்பல் காட்சி முடிந்ததும் ரைடன் என்ற முகமறியாத இளைஞனை ஆட்டினார்கள். பதுங்கல் முறை கிட்டத்தட்ட அதேதான், ஸ்னேக் உருளும் இடத்தில் இவன் பல்டி அடிப்பான். ஆட்டம் கெடவில்லை, கோபம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2013இல் பிளாட்டினம் கேம்ஸ் ‘மெட்டல் கியர் ரைசிங்’கை முழுக்க அவனுக்கே கொடுத்தது. அடி வரும் திசைக்கு ஸ்டிக்கைத் தள்ளித் தாக்கினால் தடுப்பு, காலத்தை மெதுவாக்கி வாளை நினைத்த கோணத்தில் திருப்பினால் எதிரி துண்டு துண்டு. ஸ்னேக்கின் அசைவுகளை இரவல் வாங்கியபோது யாரும் சீண்டாத ரைடனுக்கு இப்போது சொந்த ரசிகர் கூட்டமே இருக்கிறது.