தொட்டி விரிசலுக்கு எப்பாக்சிப் பசை: ஒரு நாள் பொறுக்க முடிந்தால் வாங்கலாம்

எங்கள் மொட்டைமாடியிலுள்ள 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில், வெளிக்குழாய் இணையும் இடத்துக்குச் சற்று மேலே விரல் நீளத்துக்கு விரிசல் விட்டதால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், இரண்டு கட்டிகளைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டும் எப்பாக்சிப் பசையை வாங்கினேன். அதே பசையை இரண்டு முறை பூச நேர்ந்தது.

முதல் முறை தோற்றதற்குப் பெரும்பங்கு என் அவசரமே காரணம். பூசி இரண்டு மணி நேரத்தில் தட்டிப் பார்த்தபோது கல் போல இருந்ததால், வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நிலையில் மோட்டாரைப் போட்டுவிட்டேன். காலையில் பூச்சின் கீழ் ஓரத்தில் ஈரம் கோடாக இறங்கியிருந்தது. நகத்தால் நெம்பியதும் ஆறிய புண்ணின் பொருக்கைப் போல முழுத் துண்டாக உரிந்து வந்தது. அதன் அடிப்புறம் வழவழவென்று இருந்ததைப் பார்த்தால், எங்குமே சரியாகப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

முழுமையாக இறுக 24 மணி நேரம் ஆகும் என்று பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தப் பசை ஈரம் உலர்ந்து இறுகுவதன்று. ஒரு கட்டியிலுள்ள ரெசினும் (பிசின்) மற்றதிலுள்ள ஹார்டனரும் (அதை இறுகச் செய்யும் பொருள்) வினைபுரிந்து இறுகுவது என்பதால், மேலே கெட்டியான பிறகும் உள்ளே வினை மணிக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும், குளிர் நேரத்தில் இன்னும் மெதுவாகும். தொட்டி நிரம்பும்போது சுவர் சிறிது புடைத்து விரிசலின் வாயைத் திறக்கப் பார்ப்பதால், அரைகுறையாக இறுகிய பூச்சு அந்த இழுப்புக்குத் தாங்காது.

இரண்டாம் முறை தொட்டியைக் காலி செய்து, விரிசல் மேலும் ஓடாதிருக்க இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, சொரசொரப்பான உப்புத்தாளால் சுற்றிலும் பளபளப்பு போகும்வரை தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, இரு கட்டிகளும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, உள்ளும் புறமும் அழுத்திப் பூசினேன். பிறகு இரண்டு நாள் தொடவில்லை. குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரிலேயே சமாளித்தோம். மூன்றாம் நாள் முதலில் நிரப்பிய தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காமல் வெளியே விட்டேன்.

மூன்று வாரமாகக் கசிவு இல்லை. ஆனாலும், தொட்டிகளுக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் மெழுகுத்தன்மை கொண்டது, அதில் எந்தப் பசையும் எளிதில் ஒட்டாது. ஆகவே இதைத் தற்காலிக வேலையாகவே எடுத்துக்கொண்டு, அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்பவரிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறேன்.