பெருங்கைக்கு 1 கிளப்பா, 2 கிளப்பா?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பெருங்கை, அதாவது வலுவான சீட்டுகள் சேர்ந்த கை, வந்தால் ஏலத்தை எப்படித் தொடங்குவது என்பதில் இரண்டு ஆண்டுகள் பிரிசிஷன் என்ற முறையில் ஆடிவிட்டு, சென்ற பொங்கலுக்குப் பிறகு நானும் என் பார்ட்னரும் பழைய 2 கிளப் முறைக்கே திரும்பிவிட்டோம். காட்பாடி காந்தி நகரில் சனிக்கிழமை மாலைதோறும் 24 ஆட்டம் போடும் எங்கள் மேசையில் இதற்குக் காரணம் கேட்காதவர் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

முறைகள் இரண்டும் ஆடுவோர் அறிந்தவைதான். சி. சி. வெய் வகுத்த பிரிசிஷனில் கையில் 16 புள்ளியோ (ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1) அதற்கு மேலோ இருந்தால் ஏலத்தை 1 கிளப் என்று தொடங்க வேண்டும். 1969-இல் தைவான் அணி இதைக் கொண்டே பெர்முடா பௌல் என்ற உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்றது. மற்றொன்றில் 22 புள்ளி, அல்லது அதற்கு ஈடாகக் கையிலேயே ஒன்பது பிடி (வெல்லும் சுற்று) இருந்தால்தான் 2 கிளப். (ரம்மி மேசையில் கிளாவர் என்றே சொல்லிப் பழகிய எனக்கு, கிளப் என்று வாயில் வரவே ஓராண்டு ஆயிற்று.)

எதிராளிகள் வாய் திறக்காதவரை பிரிசிஷனே மேல். ஏலம் தாழ்வாகத் தொடங்குவதால் சிலாமை (12 அல்லது 13 பிடி கேட்கும் ஏலத்தை) நிதானமாகத் தேடிப் போக இடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் வாய் திறப்பார்கள். அதற்கான வாய்ப்பு 1 கிளப்பில்தான் அதிகம்: 16 புள்ளியோ மேலோ உள்ள கை ஏறக்குறைய பத்துக்கு ஒன்று வரும். 22-ஓ மேலோ உள்ள கை 240-க்கு ஒன்று. எங்கள் கணக்கில் முதலாவது ஒரே மாலையில் நான்கைந்து முறை, இரண்டாவது ஐந்து சனிக்கிழமைக்கு ஒரு முறை. 1 கிளப் என்பது எந்த இனத்தையும் சொல்லாத வெற்று அறிவிப்பு என்று தெரிந்துகொண்ட எதிராளி, கையில் ஒன்றுமில்லாமலேயே மூன்றாம் மட்டத்துக்கு (ஒன்பது பிடி கேட்கும் ஏலத்துக்கு) தாவிவிடுகிறார்.

ஒரு மாலை எனக்கு ஸ்பேடில் ஏஸ், ராஜா, ஜாக், 7, 4. ஹார்ட்டில் ஒற்றை 5. டைமண்டில் ஏஸ், ராணி, 6, 2. கிளப்பில் ஏஸ், ராஜா, 3 என 21 புள்ளிகள் வந்தன. நான் 1 கிளப் என்றதும் இடப்பக்கத்தவர் 3 ஹார்ட் கேட்டார், பார்ட்னர் பாஸ். நான் 3 ஸ்பேட் சொன்னேன். என்னிடம் இருப்பது 16-ஆ 21-ஆ என்று அறிய வழியில்லாத பார்ட்னர், ஸ்பேடில் ராணியோடு நான்கு சீட்டும் டைமண்ட் ராஜாவும் வைத்துக்கொண்டு மீண்டும் பாஸ் சொன்னார். பதினோரு பிடி எடுத்தோம், ஆனால் 4 ஸ்பேட் கேட்காததால் கேமுக்கான கூடுதல் மதிப்பெண் கிடைக்கவில்லை. 1 ஸ்பேட் என்று தொடங்கியிருந்தால், அதே 3 ஹார்ட்டுக்கு மேல் பார்ட்னரே 3 ஸ்பேட் கேட்டிருப்பார். அதை நான் 4 ஸ்பேட் ஆக்கியிருப்பேன்.

குறுக்கே விழுவோரைச் சமாளிக்கப் பிரிசிஷனிலும் ஏற்பாடுகள் உண்டு. நாள்தோறும் ஆடும் ஜோடிக்கு அவை மனத்தில் தங்கும். வாரம் ஒருமுறை, அதுவும் ராணிப்பேட்டையிலிருந்து பேருந்து பிடித்து வரும் பார்ட்னரோடு ஆடுகிற எனக்குத் தங்கவில்லை.

டைமண்ட் நீளமான பெருங்கையில் மட்டும் என் தேர்வை உறுதியாகப் பேச மாட்டேன். நான் 2 கிளப், பார்ட்னர் 2 டைமண்ட், நான் 3 டைமண்ட் என்று சொல்லி முடிப்பதற்குள் ஏலத்தில் பாதி இடம் தீர்ந்துவிடுகிறது. பழைய முறைக்குத் திரும்பிய பிறகு அப்படிப்பட்ட கை எங்களுக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது. அன்று நாங்கள் 3 நோ டிரம்பில் (துருப்பு இனம் இல்லாத ஏலத்தில்) நின்றோம், 6 டைமண்ட் கேட்டிருந்தாலும் எடுத்திருக்கலாம்.