டிஜிட்டல் ஆடியோவில் டர்ன்டேபிள்: நீண்டநாள் பயன்பாட்டில் தெரியவருபவை

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை ஸ்ட்ரீமரிலோ (இணைய இசையை ஒலிக்கவிடும் கருவி) நெட்வொர்க் ஸ்பீக்கரிலோ இணைத்தால் இசைத்தட்டின் குணமே போய்விடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தால் அந்தப் பயம் தேவையில்லை என்று புரியும். ஒலியில் குறை தெரியும்போதெல்லாம் அதன் வேர் பெரும்பாலும் ஊசிக்கும் லைன் இன்னுக்கும் (வெளிக் கருவியின் சிக்னலை வாங்கும் இணைப்பு) நடுவில்தான் இருக்கிறது.

ஊசியின் அசைவை மின்சிக்னலாக்குவது கார்ட்ரிட்ஜ். அதில் மூவிங் மேக்னட் வகை தருவது 3 முதல் 6 மில்லிவோல்ட்தான். லைன் இன்னுக்கு அதைப்போல நூறு மடங்காவது வேண்டும். போதாததற்கு, தட்டில் பாஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும்தான் பள்ளம் வெட்டியிருப்பார்கள். இதற்கான பொதுத் தரமான ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுப்படி 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு கூடுதல். சிக்னலைப் பெருக்கி இந்த வளைவையும் நேர்செய்வது போனோ ப்ரீஆம்ப். அது இல்லாமல் செருகினால் ஒலி மெலிந்து, கீச்சென்று வரும். டர்ன்டேபிளுக்குள் இருக்கும் ப்ரீஆம்பை அணைக்காமல் ஆம்ப்ளிஃபயரின் போனோ இன்புட்டில் செருகினால் கனத்து, குழம்பி, உடைந்து வரும். பின்பக்கத்துச் சின்ன சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது இன்புட் அளவில். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். அதன் வெளியீடு 4 மில்லிவோல்ட். 40 டெசிபல் ப்ரீஆம்ப் அதை நூறு மடங்காக்கி 0.4 வோல்ட்டாகத் தருகிறது. ஆனால் அந்த 4 மில்லிவோல்ட் சோதனைத் தட்டில் அளந்த கணக்கு. உரக்க வெட்டிய தட்டில் உச்சங்கள் இதைப்போல நான்கு மடங்கு எழும்பலாம், அதாவது 1.6 வோல்ட். ஸ்ட்ரீமரின் லைன் இன் உணர்திறன் (முழு அளவாக எடுத்துக்கொள்ளும் வோல்ட்) 500 மில்லிவோல்ட்டில் இருந்தால் டிஜிட்டலாக மாறும் இடத்திலேயே உச்சி நறுக்கப்பட்டுவிடும். அதன் பிறகு வால்யூமைக் குறைத்துப் பயனில்லை, நறுக்கப்பட்டது நறுக்கப்பட்டதுதான். பித்தளை வாத்தியங்களும் உச்சஸ்தாயிக் குரலும் கரகரத்தால் பலர் ஊசியைத்தான் குறை சொல்கிறார்கள். ஊசியை மாற்றும் முன் உணர்திறனை 2 வோல்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மீட்டர் இருந்தால் மிக உரத்த இடம் -10 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும் (0தான் உச்ச வரம்பு). கீறலின் ‘டக்’ ஒலி இசையைவிட உயரே போகும், அதற்கும் இடம் வேண்டும். அளவைக் குறைத்தால் நுணுக்கம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். நல்ல இசைத்தட்டின் வீச்சே (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) 70 டெசிபலை ஒட்டியதுதான். டிஜிட்டலில் 16 பிட் 96 டெசிபல் கொள்ளும், 24 பிட்டில் இன்னும் தாராளம்.

கேபிளின் நீளத்தையும் கவனியுங்கள். மேற்சொன்ன கார்ட்ரிட்ஜ் 100 முதல் 200 பிகோஃபாரட் கொள்திறனை (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) எதிர்பார்க்கிறது. நீளக் கேபிள் அதைத் தாண்டினால் ட்ரெபிளின் சமநிலை கெடும். தூரம் போக வேண்டியிருந்தால் ப்ரீஆம்பை டர்ன்டேபிள் பக்கத்திலேயே வைத்து, அதற்குப் பிறகு வரும் கேபிளை நீட்டலாம்.

‘ம்ம்’ என்ற ஹம் வந்தால் ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மை விரலால் தொடுங்கள். ஹம் மாறினால் கிரவுண்ட் ஒயர் கழன்றிருக்கிறது, அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. ஆர்ம் தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஹம் கூடினால் மோட்டாரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் வாங்குகிறது. அதற்கு ஒயர் மருந்தல்ல. ப்ரீஆம்பை ரூட்டர், பவர் அடாப்டர் இவற்றிடமிருந்து முப்பது சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

டிஜிட்டல் பக்கத்தில் நாள்பட எரிச்சலூட்டுபவை தாமதமும் தானியங்கி உணர்தலும் (சிக்னல் வந்ததும் கருவி தானே அந்த இன்புட்டுக்கு மாறுவது). நெட்வொர்க் ஸ்பீக்கர்கள் சிக்னலைச் சேமித்துத்தான் ஒலிக்கும். சோனோஸ் ஸ்பீக்கர்களில் லைன் இன் தாமதம் 75 மில்லிநொடியில் தொடங்குகிறது. பாட்டுக்கு இது பாதகமில்லை. ஆனால் டர்ன்டேபிள் அருகில் உட்கார்ந்தால் ஊசியின் மெல்லிய முணுமுணுப்பு முன்னும் இசை பின்னுமாகக் கேட்கும். மூடியைச் சாத்தினால் அடங்கும். பல அறைகளில் ஒலி விட்டுவிட்டு வந்தால் தாமதத்தைக் கூட்டுவதே வழி. தானியங்கி உணர்தலில் தட்டின் முதல் சில நொடிகள் விழுங்கப்படலாம், மெல்லிய பகுதியில் கருவி உறங்கவும் போகலாம். அதை அணைத்துவிட்டு இன்புட்டைக் கையால் தேர்ந்தெடுப்பதே நிம்மதி. வால்யூம் சமன்படுத்தும் வசதியையும் அணையுங்கள். அது மெல்லிய இடத்தில் தட்டின் இரைச்சலைத் தூக்கிக் காட்டும். அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் அறைத் திருத்தம் மட்டும் இருக்கட்டும், அதன் பலன் தட்டிலும் கேட்கிறது.

சப்வூஃபர் இருந்தால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் அவசியம். வளைந்த தட்டு காதுக்கு எட்டாத அசைவைத் தந்து ஸ்பீக்கர் கூம்பை முன்னும் பின்னும் தள்ளும். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் இருப்பது இன்னும் மோசம்: வால்யூமை ஏற்றினால் பாஸ் ஊசிக்கே திரும்பி ஊளையிடத் தொடங்கும்.

பராமரிப்பில் ஊசிக்குத்தான் முதல் இடம். விஎம்95இ ஊசிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 300 மணி. ஒரு பக்கம் 22 நிமிடம் என்றால் எண்ணூறு பக்கங்களுக்குச் சற்று மேல். தினம் இரண்டு பக்கம் கேட்பவருக்கு அது ஓராண்டைத் தாண்டி இரண்டு மாதம்கூட வராது. எண்ணிக்கையை ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள், ஏனென்றால் தேய்மானம் மெல்ல வருவதால் காது பழகிப்போகும். ஊசி அழுத்தத்தை 2 கிராமில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை தராசில் பாருங்கள். ஒரு பக்கச் சேனல் அவ்வப்போது காணாமல் போனால் ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் முனை) பின்களையும் கேபிளின் ஆர்.சி.ஏ. முனைகளையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மறுபடி இறுக்குங்கள். புதுக் கேபிள் வாங்கும் யோசனை அதற்குப் பிறகு.