சிஃப் கிரீம்: ஒரே வெண்குழம்பு, பல பெயர்கள்

அடுப்பு மேடையில் காய்ந்து இறுகிய எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற, யூனிலீவர் நிறுவனத்தின் சிஃப் கிரீமை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அதிலுள்ள நுண்ணிய கால்சைட் துகள்கள் அழுக்கை உரசி எடுப்பதால், எஃகுத் தொட்டியும் பீங்கானும் அதிக உழைப்பின்றிப் பளிச்சிடுகின்றன. மென்மையான பிளாஸ்டிக்கில் மட்டும் தவிர்க்க வேண்டும்.

வெளிநாட்டில் வாங்குவோர் பெயரைக் கவனிப்பது அவசியம். பிரிட்டனில் ஜிஃப் என்றிருந்த பெயர் 2001இல் சிஃப் ஆனது. ஆஸ்திரேலியாவில் ஜிஃப் நீடிக்கிறது. அமெரிக்கக் கடையில் ஜிஃப் என்று கேட்டால், வேறொரு நிறுவனத்தின் வேர்க்கடலை வெண்ணெய்தான் கிடைக்கும். கனடாவில் இதே வகைக் கிரீம் விம் என விற்கப்படுவதால், விம் என்றாலே பாத்திரம் துலக்கும் சோப்பு என்று பழகிய தமிழ்நாட்டவர், அதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு எடுத்துவிடக்கூடும் என்பதே என் கவலை.

சிஃப் என்பதன் உச்சரிப்பும் ஒன்றன்று. ஆங்கிலேயர் மெல்லிய சகரத்தால் தொடங்குவதை, இத்தாலிய எழுத்துமுறை ‘பச்சை’யில் வரும் வல்லொலியாக்குகிறது; ஸ்பெயினின் பெரும்பகுதியிலோ, நாக்கு நுனி பற்களிடையே வர, ‘திஃப்’ போல ஒலிக்கிறது. முதலிரண்டு ஒலிகளையும் தமிழின் ஒரே சகரம் தாங்கிக்கொள்வது எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது.